கொட்டாவி விட்ட இடம்

அத்தியாயம் ஒன்பது

வீடியோவைப் பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்த முப்பத்தொரு சீட்டு. முப்பத்தொன்றிலும் பாராட்டு.

“மிக அருமை.” “கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக.” “நசோலோ, நீ பெரிய ஆளாக வருவாய்.” ஒருத்தி, “உன் அம்மாவுக்குக் கைராசி உண்டு” என்றுகூட எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் பியாருஹங்கா சார் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரப்பர் பேண்டை மறுபடி மாட்டி நசோலோவிடமே திருப்பிக் கொடுத்தார்.

“இது கல்யாண வீட்டு வாழ்த்துப் புத்தகம்மா. நான் கேட்டது இது இல்ல. பார்க்கிறவங்களுக்கு உன் வீடியோ எங்க அலுத்துப் போச்சு? எங்க புரியல? அதைத் தெரிஞ்சுகிட்டு நீ எதை மாத்தினே? திங்கட்கிழமை பத்து மணிக்குப் பழைய வீடியோவும் வேணும், மாத்தினதும் வேணும். நடுவுல என்ன நடந்ததுன்னு எழுதியும் வேணும். அதுவரைக்கும் வீடியோ போன்லயோ நெட்லயோ வெளியில போகக் கூடாது. போச்சுன்னா மதிப்பெண் கிடையாது.”

இரண்டாம் ஆண்டு மதிப்பெண்ணில் பாதி இந்த ஒரு வீடியோவுக்கு. நசோலோவுக்கு அது தெரியும். அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் அவளுக்கு இருந்தது.

வீடியோவில் வந்த பாட்டு அண்ணன் கொன்சாகாவுடையது. அப்பா சொல்லி வைத்து வாங்கிக் கொடுத்த மெக்கானிக் வேலையை நான்கு மாதத்துக்கு முன் உதறிவிட்டு, “நான் பாடகன்” என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்த அதே கொன்சாகா. அன்றிலிருந்து அப்பா செம்வங்கா அவனோடு நேராகப் பேசுவதில்லை. “நசோலோ, உன் அண்ணனை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு” என்பார். உப்பு அவர் கைக்கும் அண்ணன் கைக்கும் நடுவில்தான் இருக்கும்.

இத்தனைக்கும் பேச்சுதான் அவருக்குத் தொழில். நியெண்டோ சந்தைக்குப் பின்னால் அவருடைய தகரக் கொட்டகையில் எந்த நாட்டுப் படம் ஓடினாலும், திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்து கதாநாயகனுக்கும் வில்லனுக்கும் அழுகிற பெண்ணுக்கும் அவரே நம் பாஷையில் பேசுவார். நடுவில் சொந்தச் சரக்கும் சேர்ப்பார். மசாக்கா ஊர் முழுக்க அவரை வீஜே செம்வா என்றால் தெரியும்.

இந்த வீடியோவாலும் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்புக்கே திரும்பிப் போகிறேன் என்று போன வாரம் கொன்சாகா அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அப்படிச் சொல்லும்போது அவன் முகம் இருந்த இருப்பை நசோலோ பார்த்திருந்தாள்.

சனிக்கிழமை காலை அம்மாவின் சலூனில் உட்கார இடமில்லை. ஞாயிறு பூசைக்குத் தலை பின்னிக்கொள்ளச் சந்தைப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் வருவார்கள். சுவரில் மாட்டியிருந்த டி.வி.யில் வீடியோ ஓடி முடிந்திருந்தது.

“எப்படி இருந்தது, தெவோத்தா அக்கா?”

வாழைத்தார் வியாபாரம் செய்யும் தெவோத்தா நாற்காலியில் சாய்ந்தபடி கட்டைவிரலை உயர்த்தினாள். “பிரமாதம்.”

“எது பிரமாதம்?”

“எல்லாந்தான்.”

“கடைசியில அண்ணன் எங்க நிக்கிறான்?”

தெவோத்தா யோசித்தாள். “பஸ் ஸ்டாண்டுல.”

“ஏரிக்கரையில, அக்கா.”

பக்கத்து நாற்காலிக்காரிகள் சிரித்தார்கள். தெவோத்தா அசரவில்லை.

“இங்க பாரு பொண்ணே. உங்கம்மா கையில சூடான சீப்பு இருக்கு. அது என் காதுக்குப் பக்கத்துல இருக்கு. அவ பெத்த பிள்ளை பாடறான், அவ பெத்த பொண்ணு படம் எடுத்திருக்கா. நான் வேற என்ன சொல்லுவேன்?”

“நான் என்ன, சுட்டுடுவேனா?” என்றாள் அம்மா.

“போன ஈஸ்டருக்குச் சுட்டியே.”

“அது கை தவறி.”

“இன்னைக்கும் தவறுமே.”

நசோலோ ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தெவோத்தாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். “அக்கா, நடுவுல நீங்க போனைப் பார்த்தீங்க.”

“கம்பாலாவுல தார் என்ன விலைன்னு மெசேஜ் வந்துச்சு.”

“மெசேஜ் வந்ததால பார்த்தீங்களா, அலுத்துப் போனதால பார்த்தீங்களா?”

தெவோத்தா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். சீப்பைப் பார்த்தாள். “அலுத்துப் போச்சுன்னு என் வாயால நான் சொல்லல” என்றாள்.

நசோலோவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வாயால் சொல்லமாட்டார்கள். ஊரில் யாருமே சொல்லமாட்டார்கள். பழகின வீட்டுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே குறை சொல்வது மரியாதையா? ஆனால் கண்ணுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. அலுத்தால் அது பாட்டுக்குத் திரும்பிக்கொள்ளும்.

அடுத்த கூட்டம் வந்து உட்கார்ந்ததும் அவள் டி.வி.க்கு அடியில் தன் போனைச் சாய்த்து வைத்தாள், பார்க்கிறவர்களின் முகம் பதிவாகிற மாதிரி. “உங்க முகத்தைப் பிடிக்கிறேன், பாடத்துக்காக. யாரும் ஒண்ணும் எழுத வேணாம், சும்மா பாருங்க” என்று சொல்லிவிட்டு வீடியோவை ஓடவிட்டாள். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. அவர்களைத்தான் பார்த்தாள்.

நாற்பதாவது நொடியில் ஒருத்தி நகத்தைப் பார்த்தாள். ஐம்பதாவது நொடியில் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். ஒரு நிமிடம் பத்து நொடியில், அண்ணன் மாமரத்தடியில் மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பிப் பார்க்கும் இடத்தில், ஒரு கண்கூடத் திரையில் இல்லை. அந்தத் திரும்பலுக்காக ஒரு மதியம் முழுக்க அவள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நிமிடம் ஐந்து நொடி ஆனதும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

நசோலோ விசுக்கென்று திரையைத் திரும்பிப் பார்த்தாள். லம்பு ஏரிக்கரை. கணுக்கால்வரை தொங்கும் வெள்ளைக் கன்சு அங்கியும் கறுப்புக் கோட்டுமாக அண்ணன் கண்ணீரோடு நடக்கிறான். காதலி விட்டுப் போய்விட்ட சோகம். சிரிக்க என்ன இருக்கிறது?

“அந்தப் பறவையைப் பாரேன்” என்றாள் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

அண்ணனுக்குப் பத்தடி பின்னால் ஒரு பெருநாரை. மொட்டைத் தலை, தொங்கும் கழுத்துப் பை, கோட்டுப் போட்ட மாதிரிக் கறுத்த முதுகு. அண்ணன் வலது காலை எடுத்து வைத்தால் அதுவும் வலது கால். அவன் தலை குனிந்தால் அதுவும் குனிகிறது. கல்லூரிக் கணினியின் சின்னத் திரையில் ஓரத்துக் கறுப்புப் புள்ளியாக இருந்தது, சலூன் டி.வி.யில் ஆள் உயரத்துக்கு நடந்து வந்தது.

“என்ன சிரிப்பு?” என்று வாசலில் குரல். கொன்சாகா, பாராட்டு வாங்கிப் போக வந்திருந்தான். திரையைப் பார்த்தான். சிரிப்பு எந்த இடத்தில் என்று புரிந்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

“நான் அழறேன். இவங்க சிரிக்கிறாங்க.”

“உன்னைப் பார்த்து இல்லண்ணா. பறவையைப் பார்த்து.”

“அந்தப் பறவையை வெட்டு. இப்பவே வெட்டு.”

“வெட்டலாம். ஆனா இங்க பார்த்தது அம்மாவோட ஆளுங்க. அம்மாவைத் தெரியாதவங்க எங்க சிரிக்கிறாங்க, எங்க தூங்கறாங்கன்னு பார்க்கணும்.”

“அப்படி யாரு இருக்கா நியெண்டோவுல?”

நசோலோ சந்தைப் பக்கம் பார்த்தாள்.

“அப்பா கொட்டகையா? உனக்கென்ன பைத்தியமா?”

“அங்க யாரும் மரியாதைக்குப் பொய் சொல்லமாட்டாங்க. பிடிக்கலன்னா கத்துவாங்க. எனக்கு அதுதான் வேணும்.”

அம்மா சீப்பை அடுப்பில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “அந்தக் கன்சு அப்பாவோடது. அதை நினைவு வச்சுக்க.”

நசோலோவுக்குத் தெரியாதா? கன்சுவின் ஓரத்தில் ஏறிய லம்புச் சேற்றை அம்மா மூன்று முறை துவைத்தாகிவிட்டது. இன்னும் பழுப்புப் போகவில்லை.

அப்பா கொட்டகை வாசலில் நின்று மாலை ஆட்டத்துக்கான பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார். விஷயத்தை நசோலோ ஒரே மூச்சில் சொன்னாள்.

“எத்தனை நிமிஷம்?”

“நாலு.”

“கால்பந்து நாலு மணிக்கு. மூணே முக்காலுக்குப் போடு. கத்தினாங்கன்னா நிறுத்திடுவேன்.” யார் பாட்டு என்று அவர் கேட்கவில்லை. சாக்பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “சத்தம் அதிகமா வைக்கணுமா?” என்று மட்டும் கேட்டார்.

மூணே முக்காலுக்கு அறுபது பேர் இருந்தார்கள். பைக் டாக்சிக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கொன்சாகாவோடு ஒர்க்‌ஷாப்பில் இருந்த இரண்டு பேர். பெஞ்சுக்கு ஒரு சீட்டு கொடுத்துவிட்டு, முகத்தைப் படம் பிடிக்கப் போகிறேன் என்று நசோலோ சொன்னதும் விசில் பறந்தது. ஒருவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கொன்சாகா கடைசி பெஞ்சில் தொப்பியை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

வீடியோ ஓடியது. இருபது நொடி அமைதி. முப்பதாவது நொடியில், “கால்பந்தைப் போடுங்கப்பா” என்று ஒரு குரல். நாற்பதில் மூன்றாம் வரிசையில் ஒரு பெரிய ஆள் வாயை முழுசாகத் திறந்து கொட்டாவி விட்டார். பக்கத்தில் இருந்தவருக்கு அது தொற்றியது. அவரிடமிருந்து அடுத்தவருக்கு. பெஞ்சு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

நசோலோ நோட்டில் எழுதினாள்: நாற்பது. கொட்டாவி.

திரைக்குப் பக்கத்தில் அப்பா நாற்காலியில் நெளிந்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கொட்டகையில் மூன்று மணி நேரப் படத்துக்குக்கூட ஒருத்தரையும் கொட்டாவி விட விட்டவரில்லை. அவர் விரல் மைக்கைத் தட்டியது. விலகியது. பிறகு ‘டக்’கென்று மைக் சுவிட்சைப் போட்ட சத்தம் கேட்டது.

“நண்பர்களே,” என்றார் வீஜே செம்வா. “இவர் ஏன் இவ்வளவு மெதுவா நடக்கிறாருன்னு யோசிக்கிறீங்க. காரணம் இருக்கு. செருப்பு கடிக்குது. செருப்பு இவரோடது இல்ல. கன்சுவும் இவரோடது இல்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “நானே இப்பத்தான் பார்க்கிறேன். கன்சு என்னோடது.”

கொட்டகை அதிர்ந்தது.

“மாமரத்தைப் பாருங்க. ஏற்கெனவே ஒரு தடவை வந்துட்டுது, மறுபடியும் வருது. நடக்கிறது இவரா, மரமா? சரி, ஏரிக்கரைக்கு வந்துட்டோம். பின்னாடி வர்றவரைக் கவனிங்க. பொண்ணோட அப்பா. மொட்டைத் தலை, கறுப்புக் கோட்டு. மாப்பிள்ளை நின்னா நிப்பார், நடந்தா நடப்பார். ‘தம்பி, என்ன வேலை பார்க்கறே?’ன்னு கேக்கிறார். தம்பி சொல்றார், ‘பாடறேன், ஐயா.’ அப்ப அவர் மூஞ்சியைப் பாருங்க.”

பெருநாரை அந்த நொடியில் சொல்லி வைத்த மாதிரி அலகைத் திறந்து மூடியது. அறுபது பேரும் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தொப்பி எழுந்து வெளியே போனதை நசோலோ மட்டும்தான் பார்த்தாள்.

அவளால் எழுந்து போக முடியவில்லை. பாட்டு முடிய இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. அவள் கூட்டத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.

கொட்டகைக்கு வெளியே, முட்டைச் சப்பாத்திக் கடைக்குப் பின்னால் காலி முட்டை அட்டைகளின் மேல் கொன்சாகா உட்கார்ந்திருந்தான்.

“நாலு மாசம் கழிச்சு அப்பா என்னைப் பத்திப் பேசினார்,” என்றான். “மைக்குல. அறுபது பேர் முன்னாடி. திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குப் போறேன், நசோலோ. அங்க என்னைப் பார்த்து ரெண்டே பேர்தான் சிரிப்பாங்க.”

நசோலோ அவனைச் சமாதானப்படுத்தவில்லை. போனை அவன் கையில் கொடுத்தாள். “இதைப் பாரு. சத்தத்தோட பாரு.”

அறுபது முகங்கள். கொட்டாவி. சிரிப்பு. கொன்சாகா போனைத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

“இன்னும் பாரு.”

சிரிப்பு அடங்கியது. அப்பாவின் குரல் இல்லை. மைக்கை அணைத்துவிட்டிருந்தார். கொன்சாகாவின் குரல் மட்டும், பாட்டின் கடைசிப் பகுதியில் பல்லவி. ‘திரும்பி வா, திரும்பி வா, மழைக்கு முன்னால திரும்பி வா.’ ஒருத்தரும் போனைப் பார்க்கவில்லை. ஒருத்தரும் திரும்பிக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை பல்லவி வந்தபோது முன் வரிசையில் இரண்டு வாய்கள் அசைந்தன. அப்புறம் ஐந்தாறு. அப்புறம் மூன்றாம் வரிசைப் பெரிய ஆள், தலையை ஆட்டி ஆட்டி.

“இவரு யாரு?”

“கொட்டாவி விட்டவரு.”

“இவரா பாடறாரு?”

“வார்த்தை தப்பு. ஆனா பாடறாரு.”

கொன்சாகா அந்த இடத்தைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தான். மூன்றாம் முறையும் பார்த்தான். சப்பாத்திக்காரர் முட்டை உடைக்கிற சத்தம் கேட்டது.

“காலையில சலூன்ல அஞ்சு பேர்கிட்டயும் இதேதான்,” என்றாள் நசோலோ. “பறவை வர்ற வரைக்கும் யாரும் இல்லண்ணா. அது வந்ததுக்கப்புறம் யாரும் போகல. சிரிச்சு முடிச்சாங்க, உன்கூட உட்கார்ந்துட்டாங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷமா நாம அவங்களை வெளியிலயே நிக்க வச்சிருந்தோம்.”

“என்ன பண்ணப் போறே?”

“முதல் நாற்பது நொடி போகுது.”

“அதுலதான் என் முகம் கிட்டத்துல வருது.”

“அதனாலதான் போகுது. மாமரத்துத் திரும்பலும் போகுது.”

“அது உனக்குப் பிடிச்ச இடமாச்சே.”

“எனக்கு மட்டும்தான் பிடிச்சது.” சொல்லும்போது அவளுக்கும் வலிக்கத்தான் செய்தது. “பறவை முதல்லயே வரட்டும். பாட்டு முழுக்க உன் பின்னாடியே வரட்டும். நாளைக்குப் பூசை முடிஞ்சு லம்புக்குப் போவோம். மீன் குடலைப் போட்டா அதுங்க எங்க வேணும்னாலும் வந்து நிக்கும்.”

கொன்சாகா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். பிறகு, “ஒரு நிபந்தனை,” என்றான்.

“சொல்லு.”

“அது என்னைவிட அதிக நேரம் வரக் கூடாது.”

நசோலோ நாளெல்லாம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடித்தது. கொஞ்ச நேரத்தில் அவனும் சேர்ந்துகொண்டான்.

ஏழு மணிக்கு மேசையில் அவித்து மசித்த வாழைக்காய் மத்தோக்கேயிலிருந்து ஆவி பறந்தது. வேர்க்கடலைக் குழம்பை அம்மா கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்தார். கை கழுவினார். உட்கார்ந்தார்.

“கன்சுவை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்,” என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே. “கேட்டா நீங்க தரமாட்டீங்க.”

“தந்திருக்க மாட்டேன்,” என்று அப்பா ஒத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நசோலோ பக்கம் நீட்டினார். கொட்டகையில் பெஞ்சுக்குப் பெஞ்சு அவள் கொடுத்திருந்த சீட்டுகளில் ஒன்று. இந்த முறை அவள் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தாள்: ‘எதை மாற்ற வேண்டும்?’

நசோலோ வாங்கிப் படித்தாள். அதை அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பாவின் சாய்ந்த கையெழுத்து: ‘பாடுகிறவன் நல்ல இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொள்கிறான். திறந்து வைக்கச் சொல்லவும்.’

கொன்சாகா இரண்டு தரம் படித்தான். வழக்கம்போல் தங்கச்சியைப் பார்த்துச் சொல்லாமல், மேசைக்கு எதிர்ப்புறம் நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்.

“ஏரிக்கரையில வெயில் கூசுதுப்பா.”

அப்பா ஒரு வாய் மத்தோக்கேயை மென்று விழுங்கினார்.

“கூசட்டும்,” என்றார், அவனைப் பார்த்து.

அம்மாவின் கரண்டி கிண்ணத்துக்கும் தட்டுக்கும் நடுவில் அப்படியே நின்றது. குழம்பு சொட்டியதை யாரும் கவனிக்கவில்லை. அப்பா தொடர்ந்தார்: “கண்ணுல தண்ணி வந்தா வரட்டும். நீ நடிக்கிற அழுகையைவிட அது நல்லா இருக்கும்.”

“சரிப்பா.”

அவ்வளவுதான். ஆனால் நான்கு மாதம் கழித்து அந்த வீட்டில் அப்பனும் பிள்ளையும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. அம்மா இருவர் தட்டிலும் இன்னொரு கரண்டி ஊற்றினாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

போன் அடித்தது. பியாருஹங்கா சார். நசோலோ நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்றே பேசினாள். சனிக்கிழமை சாயந்தரம் அவர் யாரையும் கூப்பிடுகிறவர் அல்ல.

“நசோலோ, என் தம்பி மனைவி ஒரு வீடியோ அனுப்பியிருக்கா. அவளுக்கு அவ அக்கா அனுப்பினாளாம். அக்காவுக்கு யாரோ பைக் டாக்சிக்காரர். உன் வீடியோதானே அது? கொட்டகைத் திரையில ஓடுது. ஒருத்தர் மைக்குல பேசிக்கிட்டே இருக்கார்.”

அறுபது பேரை அவள் போனில் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர்களில் ஒருவர் திரையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“சார், நான் வெளியில விடல. முகத்தைப் பார்க்கத்தான் போட்டேன். எனக்குத் தெரியாம…”

“திங்கட்கிழமை பத்து மணின்னு சொன்னேன். ஒன்பதுக்கு வா. நோட்டைக் கொண்டு வா. பேசினவரையும் கூட்டிக்கிட்டு வா.”

லைன் துண்டாகிவிட்டது. நசோலோ விஷயத்தைச் சொன்னாள். கொன்சாகா எழுந்துவிட்டான். அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வாயை வைத்தே இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

“அதைச் சொல்றப்போ உங்க வாத்தியார் சிரிச்சாரா?”

நசோலோ அந்தப் பேச்சை மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். ‘பேசிக்கிட்டே இருக்கார்’ என்று சொன்னதும் அவர் சட்டென்று நிறுத்தி இருமினார். அது இருமல்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை.